புண்ணுக்கு யார் காசு கொடுப்பது?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

சில மாதங்களுக்கு முன்பு பாடசாலை விடும் நேரம். வாசலில் நாங்கள் மூன்று ஆசிரியர்கள் நின்றுகொண்டிருந்தோம். ஆறாம் ஆண்டில் எங்களிடம் படித்த பையன் ஒருவன் வந்தான். இடது கையில் பழைய சாரத் துண்டு ஒன்றைச் சுற்றியிருந்தான். துண்டு நனைந்து வாடை அடித்தது. "சேர், மருந்து கட்டக் காசு வேணும்" என்றான். அவன் தூள் பாவிக்கிறவன் என்று ஊருக்கே தெரியும். கொடுத்தால் காசு எங்கே போகும் என்று யோசித்தோம், கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகவுமில்லை. மூன்று வாரத்தின் பின் கேள்விப்பட்டோம்: முழங்கைக்குக் கீழே கையை எடுத்துவிட்டார்களாம்.

காசு கொடுக்காதது சரியாக இருக்கலாம். கூட்டிக்கொண்டு போகாதது சரியில்லை. அந்த நெருடலோடுதான் இதை எழுதுகிறோம். வரலாறு படிப்பிக்கிறவர்கள் என்பதால் பதிலையும் வரலாற்றிலேயே தேடினோம்.

போதை நம் நாட்டுக்குப் புதிதல்ல. பிரித்தானியர் காலத்தில் இந்தியாவிலிருந்து அபின் கப்பலில் வந்தது. உரிமம் பெற்ற கடைகளில் பகிரங்கமாக விற்கப்பட்டது. தீர்வையும் உரிமக் கட்டணமும் அரசாங்கத்துக்குப் போயின. எதிர்ப்பு வலுத்த பிறகு 1910இல் புதிய சட்டம் வந்து விற்பனை அரசாங்கத்தின் கைக்குள் போனது. பிறகு 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம். பலமுறை திருத்தப்பட்டு இன்றும் அதுதான் அடிப்படைச் சட்டம்.

1980களின் தொடக்கத்தில் ஹெரோயின் பரவியது. 1984இல் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை அமைந்தது. அதே ஆண்டுத் திருத்தம் 2 கிராம் ஹெரோயினுக்கே மரண தண்டனை வரை விதிக்க வழி செய்தது. 2007இன் 54ஆம் இலக்கச் சட்டம் கட்டாயப் புனர்வாழ்வைக் கொண்டுவந்தது. கந்தக்காடு என்ற பெயர் நம் வீடுகளில் புழங்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

இந்தச் சட்டங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். விற்றவனுக்குத் தண்டனை உண்டு, பாவித்தவனுக்குத் தடுப்பு உண்டு. பிடிக்க, அடைக்க, காவல் காக்கப் பணமும் உண்டு. அவனுடைய கையிலுள்ள புண்ணைப் பற்றி எங்கேயும் பேச்சில்லை.

அந்தப் புண் எப்படி வருகிறது? நம் நாட்டில் ஹெரோயினைப் பெரும்பாலும் புகையாகத்தான் இழுக்கிறார்கள். ஊசி போடுகிறவர்கள் குறைவு. ஊசி போடுகிறவருக்கு அந்த இடத்தில் சீழ்க்கட்டி வரும். புகைக்கிறவருக்கு விரலிலும் உதட்டிலும் தீச்சுடும். வெட்டுக்காயத்தின் வலி போதையில் தெரியாது, கழுவாமல் விடுவார். சாப்பாடும் தூக்கமும் இல்லாத உடம்பில் புண் ஆறாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் 1951இலிருந்து வைத்தியம் இலவசம்தான். ஆனால் அவர் போகமாட்டார். பொலிஸுக்குச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம், வரிசையில் அறிந்தவர் பார்ப்பார் என்ற வெட்கம், நாளுக்கு நாள் போய் மருந்து கட்ட முச்சக்கர வண்டிக் கூலி இல்லாத நிலை. வார்டில் சேர்த்தாலும் தூள் கிடைக்காமல் உடம்பு நடுங்கத் தொடங்கியதும் எழும்பி ஓடிவிடுகிறார்.

வெட்கப்பட்டு மறைத்த புண்ணுக்குப் பொதுப் பணம் செலவான காலம் ஒன்று இதே நாட்டில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் வன்னியிலும், நம் மாவட்டத்தின் எல்லையைத் தொடும் நுவரகலாவியாவிலும் பறங்கி நோய் கிராமங்களைத் தின்றது. உடம்பெல்லாம் புண், எலும்பு வரை அரிக்கும். பலர் அதை மேகநோயோடு சேர்த்துப் பேசினார்கள். நோயாளிக்குப் புண்ணும் மிச்சம், பழியும் மிச்சம். 1870களில் தேசாதிபதி வில்லியம் கிரகரி காலத்தில் அந்த நோயாளிகளுக்காக அரசாங்கச் செலவில் ஆஸ்பத்திரிகள் திறக்கப்பட்டன. 1881இல் தலைமை வைத்திய அதிகாரி கின்ஸியின் அறிக்கை வந்தது. 1905இல்தான் கொழும்பில் அல்டோ காஸ்டெல்லானி அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். பெரும்பாலும் சிறுவயதில், தோலோடு தோல் பட்டுத் தொற்றும் நோய் அது. காரணம் தெரியும் வரை காத்திருந்திருந்தால் ஒரு தலைமுறையே புண்ணோடு போயிருக்கும்.

நம் கண்முன் நடந்ததும் உண்டு. 2004 டிசெம்பர் 26. கிண்ணியா வைத்தியசாலையே அலையில் சிதைந்தது. பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் கோயில்களிலும் சனம் தஞ்சம் புகுந்தது. மருந்து கட்டியவர் காயப்பட்டவரிடம் மதம் கேட்கவில்லை, நடத்தை கேட்கவில்லை. உலகம் முழுவதிலுமிருந்து பணம் வந்தது. ஏனென்றால் அந்தக் காயத்துக்கு அவர்கள் காரணமல்ல என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். தூள் பாவிக்கிறவனின் காயத்துக்கு மட்டும் நாம் முதலில் தீர்ப்புச் சொல்கிறோம்.

நம் மார்க்க வரலாறு என்ன சொல்கிறது? அகழ்ப் போரில், 627ஆம் ஆண்டு, ஸஅத் இப்னு முஆத் (ரழி) அவர்களின் கை நரம்பில் அம்பு பட்டது. மதீனாவில் ருஃபைதா (ரழி) என்ற பெண்மணி காயப்பட்டவர்களைப் பராமரித்த கூடாரத்தில் அவர்களைக் கொண்டுபோய் வைத்தார்கள். பிறகு வந்தவர்கள் அந்தக் கூடாரத்தை நிலையான ஏற்பாடாக மாற்றினார்கள். டமஸ்கஸில் 1154இல் நூருத்தீன் கட்டிய மருத்துவமனையும், கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் கட்டியதும் வக்பு வருமானத்தில் நடந்தன. ஏழை, பணக்காரர், உள்ளூரார், வெளியூரார் எல்லோருக்கும் கெய்ரோ மருத்துவமனையின் கதவு திறந்திருந்தது. இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. புண் ஒரு நாளில் ஆறாது. ஒரு முறை உண்டியல் குலுக்கி அதைச் சமாளிக்க முடியாது. சிறிய தொகையாக இருந்தாலும் மாதாமாதம் வரவேண்டும். வக்பு என்பதே அந்த யோசனைதான்.

இன்றைய அமெரிக்காவையும் பாருங்கள். வலி நிவாரணி மாத்திரைகளைக் கணக்கில்லாமல் விற்ற கம்பனிகள் வழக்குகளில் 5,000 கோடி டொலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டன. பிலடெல்பியா நகரில், மிருகங்களுக்குப் பாவிக்கும் சைலசீன் கலந்த போதையால் ஆறாப் புண் வந்தவர்களைத் தேடி, நடமாடும் வண்டியில் போய் மருந்து கட்டுகிறார்கள். அந்த நட்டஈட்டுப் பணம் இப்படியான வேலைக்கும் போகிறது. இங்கே அபினில் சம்பாதித்த பிரித்தானியரிடம் யாரும் நட்டஈடு கேட்கவில்லை. இனிக் கேட்கவும் ஆளில்லை. ஆகவே பொறுப்பு நம் தலையில்.

நாங்கள் கேட்பது பெரிய காரியமல்ல. ஒவ்வொரு மஹல்லாவிலும் மருந்து கட்டுவதற்கென்று ஒரு சிறிய நிதி. பாவிக்கிறவர் கையில் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். கோஸ், சேலைன், பிளாஸ்டர் பில்லை நேரே பாமசியில் கட்டலாம். முச்சக்கர வண்டிக்காரருக்கு நேரே கூலி கொடுக்கலாம். ஓய்வுபெற்ற தாதி ஒருவரும், ஆஸ்பத்திரிக்குக் கூடப்போக ஓர் ஆளும் இருந்தால் போதும். பெயர் வெளியே வரக்கூடாது. கோயில், தேவாலயம், விகாரை நிர்வாகங்களும் சேர்ந்தால் இன்னும் நல்லது. துறைமுகத்து ஊர் இது. இந்தப் போதை எந்த வீட்டையும் விட்டுவைக்கவில்லை.

"மருந்து கட்டினால் திருந்திவிடுவானா?" என்று கேட்பீர்கள். சிலர் திருந்தமாட்டார்கள். ஆனால் அந்த உம்மாவுக்கு மகனின் கை மிஞ்சும். நாளுக்கு நாள் மருந்து கட்டுகிறவரிடம்தான் ஒருநாள் அவன் "இதை விட்டுவிட வேணும்" என்றும் சொல்லுவான். திட்டுகிறவரிடம் சொல்லமாட்டான்.

அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு எங்கள் பள்ளிவாசல் நிர்வாக சபையிடம் இதைப் பேசப்போகிறோம். நீங்களும் உங்கள் பகுதியில் பேசுங்கள். அந்தப் பையனின் வீட்டுக்கும் போய்வந்தோம். ஒற்றைக் கையால் தேத்தண்ணீர் கோப்பையை நீட்டினான். வாங்கிக் குடித்துவிட்டு, கதைக்க ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டு வந்தோம்.