பாஞ்சாலங்குறிச்சி முதல் படைக்கலச் சட்டம் வரை

1801 டிசம்பர் 1-ஆம் தேதி, சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் தென்சீமை மக்களுக்கு ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையக்காரர்களும் சேர்வைக்காரர்களும் குடிமக்களும் இனி ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, மீறினால் மரண தண்டனை என்றது அது. பாளையங்களின் காவலைக் கிழக்கிந்தியக் கம்பெனியே ஏற்றுக்கொண்டுவிட்டது, ஆகவே குடிகளுக்கு ஆயுதம் தேவையில்லை என்பது அதில் சொல்லப்பட்ட காரணம்.

அந்த ஆண்டு இந்தச் சீமை பட்ட பாட்டை நினைத்தால்தான் பிரகடனத்தின் கனம் தெரியும். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டு இரண்டு வருஷம்கூட ஆகாத நிலையில், பிப்ரவரியில் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடி எழுப்பினார். மே மாதம் கோட்டை வீழ்ந்தது. அக்டோபர் 24-ல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். நவம்பரில் ஊமைத்துரையும் போனார். எதிர்க்க ஆளில்லாத அந்த நேரத்தில் வந்தது ஆயுதத் தடை.

பறிபோனவற்றில் வளரி என்ற எறியும் ஆயுதமும் ஒன்று. பிறை போல வளைந்து, ஒரு முனை கனத்து, மறுமுனை பிடிப்பதற்கு வாகாக மெலிந்திருக்கும். கம்பெனிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி தன் நினைவுக்குறிப்பு நூலில், ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று எழுதியிருக்கிறார். அதே வெல்ஷ் 1801-ல் அந்த ஆசானுக்கு எதிரான படையில் இருந்தார். சின்ன மருதுவின் மேல் அவருக்கு இருந்த மதிப்பு அந்தப் பக்கங்களில் நன்றாகத் தெரிகிறது. நட்புக்காக ஒரு வெள்ளைக்காரருக்கு வளரியைக் கற்றுத் தந்த சீமையில், சில வருஷங்களுக்குள் அதைக் கையில் எடுப்பதே குற்றமாயிற்று. 1803-ல் பாளையங்கள் ஜமீன்களாயின. படை வைத்திருந்தவர்கள் வரி கட்டுகிறவர்களானார்கள்.

திருநெல்வேலி மாவட்டத்தில் வருவாய் ஆய்வாளராகவும் பிறகு துணை வட்டாட்சியராகவும் வேலை பார்த்தவன் நான். துப்பாக்கி லைசென்ஸ் மனுக்களை விசாரித்து அறிக்கை எழுதுவது அந்த வேலையில் ஒரு பகுதி. பட்டா யார் பேரில், எத்தனை ஏக்கர், என்ன பயிர், காட்டுப்பன்றிச் சேதம் உண்டா, ஊரில் பகை உண்டா என்று கேட்டு எழுத வேண்டும். காவல்துறை தனியாக அறிக்கை தரும். இரண்டையும் பார்த்துக் கலெக்டர் முடிவு செய்வார். இந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் போனபோதுதான் இந்த வரலாற்றுக்குள் நுழைந்தேன்.

அடுத்த பெரிய திருப்பம் 1878. வைஸ்ராய் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் இந்தியா முழுவதும் லைசென்ஸ் முறையைக் கொண்டுவந்தது. இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயை அடைத்த சட்டமும் அதே ஆண்டில், அதே லிட்டன் காலத்தில் வந்ததுதான். இந்தியன் லைசென்ஸுக்கு மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். வெள்ளைக்காரருக்கோ விலக்கு உண்டு. ஒரே ஊர், ஒரே காடு, ஒரே சிறுத்தை. துப்பாக்கி தூக்கும் தகுதியை மட்டும் தோலின் நிறம் தீர்மானித்தது.

1887-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடு இந்தச் சட்டத்தைத் திருத்தக் கோரியது. பிபின் சந்திர பால் அதில் இந்தச் சட்டத்துக்கு எதிராகக் கடுமையாகப் பேசினார். சட்டம் இருந்தும் துப்பாக்கி வராமல் இல்லை. 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்தது பிரௌனிங் கைத்துப்பாக்கி. பக்கத்திலேயே பிரெஞ்சுப் புதுச்சேரி இருக்க, ஆங்கிலேயச் சட்டத்தின் வேலி எல்லையோடு நின்றுபோனது.

அகிம்சையின் பேரால் உலகம் அறிந்த காந்தியும் இந்தச் சட்டத்தை வெறுத்தார். ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கியதை ஆங்கில ஆட்சியின் மிகக் கறுத்த செயலாகவே அவர் எண்ணினார். 1930 ஜனவரியில் அவர் முன்வைத்த பதினொரு கோரிக்கைகளில், தற்காப்புக்கான துப்பாக்கி லைசென்ஸும் ஒன்று. உப்பு வரி நமக்கு நினைவிருக்கிறது. பக்கத்திலேயே இருந்த இந்தக் கோரிக்கையை மறந்துவிட்டோம். மறு ஆண்டு கராச்சி காங்கிரஸ், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதைக் குடிமக்களின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகவே அறிவித்தது.

ஆகவே, 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் ஆயுத உரிமையைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தது புதிய யோசனை அல்ல. கராச்சியில் கொடுத்த வாக்கை நிறைவேற்றுங்கள் என்றுதான் அவர் கேட்டார். அம்பேத்கர் மறுத்தார். யார் வேண்டுமானாலும் கடைக்குப் போய், அரசின் தடையே இல்லாமல் தாக்கும் கருவிகளை வாங்கலாம் என்றால் ஆட்சி எப்படி நடக்கும் என்று கேட்டார். நாட்டுக்கு ஆபத்து வரும்போது ஆயுதம் ஏந்துவது குடிமகனின் கடமை. வலியுறுத்த வேண்டியது அதைத்தான், உரிமையை அல்ல என்றார். பிரிவினைக் கலவரத்தின் ரத்தம் அப்போது காயவில்லை. காந்தி பெரெட்டா துப்பாக்கியால் கொல்லப்பட்டுப் பத்து மாதம்தான் ஆகியிருந்தது. திருத்தம் தோற்றது. அமைதியாக, ஆயுதமின்றிக் கூடும் உரிமையை மட்டும் 19-ஆவது பிரிவு தந்தது. 1959-ல் வந்த படைக்கலச் சட்டம் 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டது.

அமெரிக்கர்கள் 1791-லேயே ஆயுத உரிமையை அரசியலமைப்பில் எழுதிக்கொண்டவர்கள். அதைக் காட்டி, நம்மையும் வெள்ளைக்காரன் போலவே நம் அரசு நிராயுதபாணியாக்கி வைத்திருக்கிறது என்று வாதாடுகிறவர்களை எனக்குத் தெரியும். அதை நான் ஏற்கவில்லை. 1801-ல் நம்மைக் கேட்காமல் பறித்தார்கள். 1878-ல் நம்மை மட்டும் பிரித்துப் பறித்தார்கள். 1948-ல் நம் பிரதிநிதிகள் இரு பக்கமும் பேசி, நமக்கு நாமே கட்டுப்பாடு போட்டுக்கொண்டோம். மூன்றையும் ஒரே கணக்கில் எழுத முடியாது.

கட்டுப்பாடு சரி என்று நான் சொல்வதற்குப் புத்தகம் மட்டும் காரணம் அல்ல. 1990-களின் சாதிக் கலவரங்களின்போது தென்மாவட்டக் கிராமங்களுக்குச் சேதக் கணக்கு எடுக்கப் போயிருக்கிறேன். அரிவாளும் நாட்டுவெடிகுண்டும் செய்த நாசத்தைக் கண்ணால் பார்த்தேன். அரிவாளுக்கு ஓடித் தப்பியவர்கள் உண்டு; குறுக்கே விழுந்து தடுத்த கிழவிகள் உண்டு. ஒவ்வொரு தெருவிலும் பத்துத் துப்பாக்கி இருந்திருந்தால் அந்தக் கிழவிகளால் என்ன செய்திருக்க முடியும்?

அதே சமயம், துப்பாக்கி தேவைப்படும் மனிதரையும் பார்த்திருக்கிறேன். மலையடிவாரத்தில் ஒரு விவசாயி தன் நாட்டுத் துப்பாக்கியை எனக்குக் காட்டினார். குழலை நிமிர்த்தி, கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை வைத்துக் கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். "இதால ஒரு பன்னியக்கூட நான் கொன்னதில்ல சார். சத்தத்துக்குத்தான். அது கேட்டா ரெண்டு நாளைக்கு இந்தப் பக்கம் வராது," என்றார். தேர்தல் வந்தால் அந்தத் துப்பாக்கி காவல் நிலையத்துக்குப் போய்விடும். வோட்டு எண்ணி முடியும்வரை பன்றிக்குக் கொண்டாட்டம். அவர் குறை சொல்லவில்லை. "எல்லாரும் குடுக்கும்போது நானும் குடுக்கேன்" என்றார்.

எல்லாரும் கொடுக்கும்போது என்ற அந்த வார்த்தைதான் இந்தச் சட்டம் நிற்கும் தரை. 2016 கடைசியில் நாட்டில் 33 லட்சத்துக்கும் மேல் துப்பாக்கி லைசென்ஸ்கள் இருந்தன. உத்தரப்பிரதேசத்தில் மட்டும் 12 லட்சத்துக்கும் மேல். அங்கே திருமண ஊர்வலங்களில் வானத்தை நோக்கிச் சுட்டு மனிதர்களைக் கொன்ற செய்திகள் வந்துகொண்டே இருந்தன. 2019 திருத்தம் கொண்டாட்டச் சூட்டைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. இரண்டும் நல்ல காரியம்.

ஆனால் அந்தஸ்துக்காகக் கேட்பவருக்குச் செல்வாக்கால் லைசென்ஸ் கிடைத்து, இரண்டு ஏக்கர் கடலையைப் பன்றிக்குப் பறிகொடுத்தவரின் மனு மேசையிலேயே கிடந்தால், நாம் 1948-ஐ விட்டு 1878-க்குத் திரும்பிவிட்டோம் என்று பொருள். அன்று நிறம் பார்த்துக் கொடுத்த விலக்கை இன்று பணமும் சாதியும் பார்த்துக் கொடுத்ததாகிவிடும். அறிக்கை எழுதும் இளைய அலுவலர்களிடம் நான் கேட்பது இதுதான்: மனுதாரரின் வீட்டை அல்ல, வயலைப் போய்ப் பாருங்கள். தேவை இருந்தால் ஏழைக்கும் எழுதுங்கள்; இல்லாவிட்டால் யாராக இருந்தாலும் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.