பெருங்கோள்களும் நம் பிள்ளைகளும்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் வட்டாரத்தில் உயர்நிலைப் பள்ளியில் பயிலும் ஒரு பிள்ளையிடம் வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் என்னும் பெருங்கோள்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். விட்டமும் தூரமும் தடையின்றி வரும். கலிலியோ, 1781இல் யுரேனஸைக் கண்ட ஹெர்ஷல், 1846இல் நெப்டியூனைக் கண்ட காலே ஆகியோரின் பெயர்களும் வரக்கூடும். நம் மண்ணின் பெயர் ஒன்றேனும் வருவது அரிது. இவ்வறிவு முழுவதும் கடலுக்கு அப்பால் விளைந்தது, மனப்பாடம் செய்வது மட்டுமே நம் பங்கு என்ற எண்ணம் இளம் உள்ளத்தில் படிந்துவிடுகிறது. வரலாறோ வேறு விதமாக இருக்கிறது.

தூரத்தை விளக்க நம் மின்சார ரயிலே போதும். சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலுள்ள 15 கோடி கிலோமீட்டரை ஒரே கிலோமீட்டராகச் சுருக்கி, சூரியனைத் தாம்பரம் நிலையத்தில் நிறுத்துவோம். சானடோரியம் நிலையம் வருமுன்பே பூமி வந்துவிடும். அளவில் ஓர் ஆரஞ்சுப் பழம். வியாழன் பல்லாவரத்தருகே இருக்கும்; கல்யாண வீட்டுப் பிரியாணி அண்டாவைப் போல ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலம். சனி பழவந்தாங்கலருகே. யுரேனஸைத் தேடி நுங்கம்பாக்கம் வரையிலும், நெப்டியூனுக்காகக் கடற்கரை நிலையம் வரையிலும் செல்லவேண்டும். வியாழனை முஷ்தரீ என்றும் சனியை ஸுஹல் என்றும் அரபு வானியலார் அழைத்தனர். கடைசி இரண்டுக்கும் தமிழிலோ அரபியிலோ பழம்பெயர் இல்லாமைக்கு இந்தத் தொலைவே காரணம்.

யுரேனஸ் வந்து நின்ற அதே நுங்கம்பாக்கத்தில்தான் 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் வானாய்வகம் கட்டினர். அதன் பத்து டன் கருங்கல் தூண், தமிழெழுத்தும் பொறிக்கப்பெற்று, வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. அங்கே பணியாற்றிய கோல்டிங்காம், வியாழனின் துணைக்கோள்கள் அதன் நிழலில் மறையும் நேரங்களைக் குறித்து வந்தார். ஒரே மறைவைச் சென்னையிலும் கிரீனிச்சிலும் பார்த்தால், இரண்டு ஊர்க் கடிகாரங்களும் காட்டும் வேறுபாடு ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம். மணிக்கு 15 பாகை என்று கணக்கிட்டால் சென்னையின் தீர்க்கரேகை கிடைத்துவிடும். 1802இல் பரங்கிமலைப் பக்கத்திலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல் அடிக்கோடு அளந்து லாம்டன் தொடங்கிய நில அளவைக்கு இந்த ஆய்வகத்தின் இடமே ஆதாரமாக அமைந்தது. பெரும்பாக்கத்துப் பிள்ளைக்கு வியாழன் அந்நியமன்று. 1852இல் அதே ஆய்வகத்தில் கேப்டன் ஜேக்கப், சனியின் மங்கலான உள்வளையத்தினூடே கோளின் உடல் தெரிவதைக் கண்டார். அவ்வாண்டிலேயே லாசெல் என்பவரும் அதைத் தனியே கண்டறிந்தார்.

இவையெல்லாம் ஆங்கிலேயர் செய்தவைதாமே என்பார் உளர். அவர்களுக்குக் காவலூரைக் காட்டலாம். வாணியம்பாடியை அறியாதவர் நம்மில் எவருமிலர். அங்கிருந்து ஆலங்காயம் வழியாகச் சவ்வாது மலைமேல் ஏறினால் காவலூர். அங்கே 1972இல் நிறுவப்பெற்ற ஒரு மீட்டர் தொலைநோக்கியில், 1977 மார்ச் 10 அன்று ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் காத்திருந்தனர். யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கவிருந்த இரவு அது. கோள் அதை நெருங்கும் முன்பே விண்மீனின் ஒளி சில விநாடிகள் சட்டென்று மங்கி மீண்டது. புதிய துணைக்கோள் ஒன்று குறுக்கே சென்றது என்று கருதி, 'நேச்சர்' இதழுக்கு அவ்வாறே எழுதினர்.

அதே இரவில் இந்துமாக் கடலின் மேல் பறந்த அமெரிக்க ஆய்வு விமானத்தில் எலியட் என்பவரும் அவர் குழுவினரும் கருவியை முன்கூட்டியே இயக்கிவிட்டிருந்தனர். அவர்களுடைய பதிவில் கோளுக்கு முன்னும் ஐந்து மங்கல்கள், பின்னும் ஐந்து. இருபுறமும் ஒத்த தூரங்களில். துணைக்கோள்கள் அப்படி இணையிணையாக வந்து நிற்பதில்லை. ஆகவே அவை வளையங்களே என்று முடிவு கண்டனர். காவலூர்ப் பதிவுகளும் பின்னர் மறுபடி ஆராயப்பட்டு, வளையங்களின் தடயம் அவற்றிலும் காணப்பட்டது.

இதை வகுப்பில் எப்படிச் சொல்வது? நாமே முதலில் கண்டுபிடித்தோம் என்று மார்தட்டும் மேடைப் பேச்சு பிள்ளைகளுக்கு உதவாது. விமானத்தை மட்டும் கூறிக் காவலூரை விட்டுவிடுவதும் முறையன்று. கரும்பலகையில் ஒரு கோடு வரைந்து, அதில் ஒரேயொரு பள்ளத்தை மட்டும் காட்டி, அது என்னவாக இருக்கும் என்று கேட்கட்டும் ஆசிரியர். துணைக்கோள் என்று சில பிள்ளைகள் சொல்வார்கள். சொல்லட்டும், தேர்ந்த வானியலாரும் முதலில் அதைத்தான் சொன்னார்கள். அதன்பின் மறுபுறத்துப் பள்ளங்களையும் வரைந்து காட்டட்டும். 1986 சனவரியில் வாயேஜர் 2 அருகிற்சென்று அவ்வளையங்களைப் படமெடுத்து அனுப்பியது. இன்று அறியப்பட்டிருப்பவை பதின்மூன்று.