சிரிப்பில் விளைந்த சீர்திருத்தம்

இலண்டனிற் பிறந்து அமெரிக்காவிற் புகழெய்திய சார்லி சாப்ளினை ஆங்கிலம் கற்ற நாம் நன்கறிவோம். ஆயின், திருவிதாங்கூர் அரசிற் பிறந்து சென்னையிற் பேர்பெற்ற கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் வரலாற்றை அறிந்தோர் நம்முள் எத்துணை பேர்? பாகான் டாலாமிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் அவர் பெயர் கேட்டுச் சிரித்தவர் பலர். அச்சிரிப்பின் பயனை ஆராய்ந்தவர் சிலரே.

1908 நவம்பர் 29இல், நாகர்கோவிலைச் சார்ந்த ஒழுகினசேரியில் அவர் பிறந்தார். வறுமை அவரது கல்வியை இளமையிலேயே நிறுத்திற்று. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற அச்சிறுவர், வில்லுப்பாட்டிற் பழகி, டி. கே. எஸ். சகோதரர்களின் நாடக சபையிற் சேர்ந்து நடிகரானார்.

1936இல் வெளிவந்த ‘சதி லீலாவதி’ அவரைத் திரைக்குக் கொணர்ந்தது. அதனை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர். குடியாற் கெட்ட ஒருவன் இலங்கைக்கு ஓடித் தேயிலைத் தோட்டத்திற் கூலியாய் உழல்வதே அக்கதை. கடல் கடந்த நம் முன்னோர் பட்ட பாடு அன்றே திரையேறிற்று!

பின்னர் டி. ஏ. மதுரம் அம்மையார் அவர்தம் வாழ்க்கைத் துணைவியும் நடிப்புத் துணைவியும் ஆனார். நகைச்சுவைக் காட்சிகளைக் கிருஷ்ணன் தாமே அமைத்துத் தனியே படமாக்கிப் பிறர் படங்களில் இணைத்து வந்தார். கதை வேறொருவருடையதாயினும் சிரிப்பு இவருடையது. அதனாலன்றோ மூடநம்பிக்கையையும் சாதிச் செருக்கையும் எள்ளி நகையாடும் உரிமை அவருக்குக் கிட்டிற்று!

1944இல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதருடன் அவரும் சிறைப்பட்டார். ஆயுள் தண்டனையும் விதிக்கப்பட்டது. மதுரம் அம்மையார் கலங்கி ஓய்ந்திலர், எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையுடன் நாடக சபை தொடர்ந்து நடந்தது; ‘பைத்தியக்காரன்’ என்னும் படமும் உருவாயிற்று. 1947 ஏப்ரலில் கிருஷ்ணன் விடுதலை பெற்றார்.

சிறை அவர் நகையைக் கெடுக்கவில்லை; கூர்மைப்படுத்திற்று. 1949இல் அறிஞர் அண்ணா எழுதிய ‘நல்லதம்பி’யில் மதுவிலக்கை வற்புறுத்தினார். நந்தனார் கதையைப் புதுக்கி, ஒடுக்கப்பட்ட குலத்துச் சிறுவன் கல்வியால் உயர்வதைக் ‘கிந்தனார்’ காலட்சேபமாக்கினார். பக்தியால் ஏறிய படியைக் கல்வியால் ஏறலாம் என்பதே அதன் கருத்து.

அன்பர்காள்! அக்காலத்து மலாயாத் தோட்டங்களிற் பகல் முழுதும் பால்வெட்டிப் பெற்ற கூலி மாலையிற் கள்ளுக்கடைக்குச் சென்றதை நாம் மறத்தல் இயலாது. 1941இல் கிள்ளான் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதையும் கோரிக்கையாக்கினர். சீர்திருத்தவாதி மேடையில் உரைத்தால், ‘இவன் யார் நமக்குப் புத்தி சொல்ல?’ எனக் குடிப்பவன் சினந்தெழுவான். கலைவாணரோ அவனைத் திரைமுன் அமர்த்தி, அவன் கோலத்தை அவனுக்கே காட்டிச் சிரிக்கச் செய்தார். தன்னையே கண்டு சிரித்தவன் சினம் கொள்வது எங்ஙனம்?

ஈட்டியதை வாரி வழங்கிய அப்பெருமகன், 1957 ஆகஸ்டு 30இல் மறைந்தார். 1969 சனவரியில் சென்னையில் அவர் சிலையைத் திறந்து வைத்ததே அண்ணா கலந்துகொண்ட இறுதிப் பொதுநிகழ்ச்சியாயிற்று.

சிலையினும் சிறந்த நினைவு ஒன்று உண்டு. கொட்டகையிற் சிரித்துவிட்டு, வீடு திரும்பியதும் பழைய வழியே செல்வோமாயின், அவர் உழைப்பு வீண். சிரிப்பு கண்ணைத் திறக்கும். நடக்க வேண்டியவை நம் கால்களே.