கெண்டைக்கால் தசையை மெலிவிக்கும் ஊசி: ஒரு விஷம் ஔஷதமாகி அலங்காரமான வரலாறு

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தின் இரும்பு உருக்காலைகளிலும் ரோலிங் மில்களிலும், திருவள்ளூரை அடுத்த காக்களூர் தொழிற்பேட்டையின் பட்டறைகளிலும் ஷிப்ட் முழுவதும் நின்றுகொண்டே ஜீவனம் நடத்தும் ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் கெண்டைக்கால் என்பது சௌந்தரியத்துக்குரிய அங்கமாவதற்கு முன்பே பிழைப்புக்குரிய அங்கமாகும். அத்தசையை ஊசி மருந்தால் மெலியச் செய்யும் முறை நம் நாட்டுப் பெருநகரங்களின் அழகுச் சிகிச்சை நிலையங்களிலும் இடம்பெற்றுவிட்ட இக்காலத்தில், அம்மருந்து எவ்வழியே கெண்டைக்காலை வந்தடைந்தது என்பதை ஆராய்ந்தாலன்றி அதன் நன்மை தீமைகளைச் சீர்தூக்குதல் சாத்தியமன்று.

அம்மருந்தின் பூர்வீகம் கெட்டுப்போன உணவில் உண்டாகும் ஒரு விஷத்தில் இருக்கிறது. ஜெர்மனியின் வூர்ட்டெம்பெர்க் பகுதியில் சாசேஜ் என்னும் இறைச்சிப் பண்டத்தை உண்டு மாண்டவர்களின் நோய்க்குறிகளை ஆராய்ந்து, 1820ஆம் ஆண்டிலும் 1822ஆம் ஆண்டிலும் நூல்கள் வெளியிட்ட யுஸ்டினஸ் கெர்னர் என்னும் கவிஞரான வைத்தியர், அவ்விஷம் நரம்பின் கட்டளை தசைக்கு எட்டாதவாறு தடுக்கிறது என்று கண்டதோடு, மிகச் சிறிய அளவில் கொடுத்தால் அடங்காத தசையை அடக்கும் மருந்தாகவும் அது பயன்படலாம் என்று அக்காலத்திலேயே ஊகித்தார். 1895இல் பெல்ஜியத்தின் எல்லெஸல் கிராமத்தில் ஈமச்சடங்குக்கு வந்த வாத்தியக்காரர்கள் பதப்படுத்திய பன்றியிறைச்சியை உண்டு நோயுற்று, அவர்களுள் மூவர் இறந்தபோது, எமில் வான் எர்மெங்கெம் அவ்விஷத்தை உண்டாக்கும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்; தசையை இயக்கும் அசிட்டைல்கோலின் நரம்பு முனையிலிருந்து வெளிப்படாமல் அது தடுக்கிறது என்பது 1949இல் தெளிவாயிற்று.

கெர்னரின் ஊகம் பலிக்க ஒன்றரை நூற்றாண்டு கழிந்தது. கண் மருத்துவரான ஆலன் ஸ்காட், குரங்குகளில் பரிசோதித்த பின்னர், மாறுகண்ணுக்குக் காரணமான தசையை இம்மருந்தால் தளர்த்திக் காட்ட, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1989இல் அதற்கு அனுமதி வழங்கிற்று. அதற்குச் சில ஆண்டுகளுக்குள், மூளை முடக்குவாதத்தால் கெண்டைக்கால் தசை இறுகி நுனிக்காலில் நடக்கும் குழந்தைகளுக்கும் வைத்தியர்கள் இதனைப் பிரயோகித்தனர். ஆகவே இம்மருந்து கெண்டைக்காலில் முதலில் புகுந்தது குதிகாலைத் தரையில் ஊன்றச் செய்யும் பொருட்டேயன்றி, அழகின் பொருட்டன்று. 2002இல் புருவ மத்திச் சுருக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. 2004இல் கொரிய மருத்துவர்கள், இயற்கையிலேயே திரண்ட கெண்டைக்கால் உடைய பெண்கள் சிலருக்கு இதே ஊசியைப் போட்டு, தசை மெலிந்ததை மருத்துவ இதழில் விவரித்தனர். அழகுக்காகக் கெண்டைக்காலில் போடுவதற்கு அமெரிக்க நிர்வாகத்தின் அங்கீகாரம் இன்றுவரை இல்லை.

நன்மைகள் மறுக்கத்தக்கவை அல்ல. கத்தியும் தழும்பும் இல்லை. உட்புறத்துப் பருத்த தசை சில வாரங்களில் மெலியத் தொடங்கி, ஏறக்குறைய ஆறு மாதங்களில் பழைய வடிவத்துக்கு மீளுமாதலால், விளைவு பிடிக்காதவர்க்கும் அது நிரந்தரமன்று. ஆயினும் பருமனுக்குக் காரணம் கொழுப்போ நீர்க்கோவையோ ஆயின் இவ்வூசி பயன்படாது. நுனிக்காலில் நிற்கச் செய்து தசையின் திரட்சியைப் பார்ப்பது அதனாலேயே முதற்பரிசோதனையாகிறது.

தீமைகளுள் தலையாயது அளவைப் பற்றியது. புருவ மத்திக்கு 20 யூனிட் போதுமென்றால், கெண்டைக்கால்கள் இரண்டிற்கும் அதைப்போல் பல மடங்கு தேவைப்படுகிறது. மருந்து ஊசியிட்ட இடத்தைக் கடந்து பரவி, விழுங்குவதற்கும் சுவாசிப்பதற்கும் இடர் விளைக்கக்கூடும் என்று 2009இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் விதித்த கடும் எச்சரிக்கைக்கு, கைகால் இறுக்கத்துக்காக மிகுதியாக மருந்து பெற்ற குழந்தைகளுக்கு நேர்ந்த துன்பங்களே முக்கியக் காரணமாயின. சாதாரணமாக நேர்வன கால் சோர்வும், படியேறுகையில் பலவீனமும், ஒரு தசை மெலியப் பக்கத்துத் தசை பருப்பதுமாகும். கர்ப்பிணிகளும் மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் தசைத்தளர்ச்சி நோயுள்ளவர்களும் இதனைத் தவிர்க்க வேண்டும். மருந்தின் தரமும் அற்ப விஷயமன்று: 2004இல் ப்ளோரிடாவில், மனிதர்க்கு உரிமம் பெறாத விஷத்தை ஊசியாக ஏற்ற நால்வர் உயிருக்குப் போராடினர்.

இனி நம் தொழிற்பேட்டைக்கு வருவோம். நின்று வேலை செய்வோர்க்கு அமரும் வசதி வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு விதித்தது; கடைகளிலும் நிறுவனங்களிலும் இருக்கை அளிக்க வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் தனிச் சட்டத் திருத்தம் இயற்றிற்று. நெடுநேரம் நிற்பதால் காலில் தேங்கும் இரத்தத்தை ஒவ்வோர் அடியிலும் இதயத்தை நோக்கி மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசையே ஆதலின், ஈரமான தரையில் பாரம் சுமந்து, ஏணியேறி, இரவு ஷிப்டிலும் நிற்கும் ஒருவர்க்கு அத்தசையின் தற்காலிகப் பலவீனமும் விபத்துக்கு இடமளிக்கக்கூடும். அலுவலக நாற்காலியில் அமர்ந்திருப்பவர்க்கு அற்பமான அபாயம் இவர்க்கு அற்பமன்று.

மாறுகண்ணிலும் மூளை முடக்குவாதத்திலும் இம்மருந்து அடக்கியது கேடு செய்த தசையை. அழகுக்காகக் கெண்டைக்காலில் அது அடக்குவதோ நோயற்று உழைக்கும் தசையை. முன்னதில் நோயே அபாயத்தை நியாயப்படுத்திற்று. பின்னதில் அந்த நியாயத்தின் சுமையை, சிகிச்சையை நாடுபவரின் விருப்பம் ஒன்றே தாங்க வேண்டியிருக்கிறது. ஆகவே தகுதி பெற்ற மருத்துவர் நோயாளியின் காலை அளப்பதற்கு முன் அவருடைய தொழிலைக் கேட்டறிதலும், முத்திரை உடையாத மருந்துக் குப்பியைக் காட்டுதலும், அழகு நிலையங்களில் வைத்தியர் அல்லாதோர் ஊசி தொடாதிருத்தலும் சிகிச்சையின் தவிர்க்கவியலாத அங்கங்களாகக் கொள்ளப்பட வேண்டும்.