பள்ளி மேடையும் எல்லைத் தமிழும்

கிறித்தவப் பள்ளி என்றதும் மணியோசையும் செபமும் ஆங்கிலப் பாடமும் நினைவுக்கு வருதல் இயல்பு. நாடக மேடையை நினைப்பார் சிலரே. இயேசு சபையார் 1599இல் வகுத்த கல்வி முறைமை நூல், மாணவர் நாடகம் அரிதாகவே நிகழவேண்டும், பொருள் பக்தி சார்ந்ததாகவும் மொழி இலத்தீனாகவும் இருத்தல் வேண்டும், பெண் வேடம் கூடாது என்று விதித்தது. விதி இத்துணைக் கடுமையாயின், மாணவர்தம் நாடக வேட்கை எத்துணை மிகுந்திருந்தது என உய்த்துணரலாம்.

நம் நாட்டில் கிறித்தவ நாடகம் தழைத்தது மக்கள் மொழியிலேயே. கொச்சி, கொடுங்கல்லூர்க் கடற்கரையில் வளர்ந்த சவிட்டு நாடகத்தைக் காண்க. மரத்தட்டு அதிர மிதித்தாடும் அக்கலையின் பழஞ்சுவடிகளில் தமிழ் மிகுதியும் கலந்துள்ளது. 'காறல்மான் சரிதம்' இயற்றிய சின்னத்தம்பி அண்ணாவி தமிழகத்திலிருந்து வந்தவர் என்பது வழக்கு. ஐரோப்பியப் பேரரசன் சார்லமேன் கேரளக் கரையில் தமிழ் பேசினான்! தஞ்சையிலோ, சுவார்ட்சு ஐயரிடம் கற்று ஆசிரியப் பணியும் ஆற்றிய வேதநாயக சாஸ்திரியார், குறத்தி குறி சொல்லும் நாட்டு வடிவத்தையே எடுத்துப் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார்.

இனி நம் கொழிஞ்சாம்பாறைக்கு வருவோம். இவ்வூர் அடங்கிய சிற்றூர் வட்டம் கொச்சி அரசின்கீழ் இருந்து, 1949இல் திருவிதாங்கூர்-கொச்சியிலும், 1956 நவம்பர் 1 முதல் கேரளத்திலும் சேர்ந்தது. 2013 இறுதியில் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் அமையும்வரை, இப்பக்கத்து இலத்தீன் பங்குகள் பல கோவையைச் சார்ந்திருந்தன. ஆட்சிமொழி மலையாளம், வழிபாட்டு மொழி தமிழ், வீட்டு மொழியோ கொங்குத் தமிழும் மலையாளமும் விரவியது. இம்மூன்றும் ஒருங்கே கூடிய இடம் சிறு பள்ளியின் ஆண்டுவிழா மேடையே என்பது நம் துணிபு.

கிறித்து பிறப்பு நாடகத்தையே கொள்வோம். வானதூதன் செந்தமிழில் முழங்குவான். ஏரோது மன்னன் பழைய நாடகக் கம்பெனி ராஜபார்ட்டைப்போல் அதட்டுவான். ஆயர்கள் வாய் திறந்தாலோ அசல் கிணத்துக்கடவுப் பேச்சு. கொட்டகை சிரிப்பில் அதிரும். சூசையாக நிற்பவன் இந்து வீட்டுப் பிள்ளையாக இருப்பான். அதைப் பெரிதாக நினைப்பார் எவருமில்லை. சிறிய பள்ளியாதலின் வேடம் கிட்டாதவன் திரையிழுப்பான். மலையாள வழியில் பயிலும் சிறுவர் தம் தமிழ் வசனத்தை மலையாள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு நெட்டுருச் செய்வதையும் நாம் கண்டதுண்டு. எழுத்து அறியாவிடினும் ழகரமும் றகரமும் அவர்கள் நாவில் பிறழவில்லை. பாடநூல் செய்யாததைப் பதினைந்து நாள் ஒத்திகை செய்தது.

1957இல் தொடங்கிய கேரளப் பள்ளிக் கலைவிழாவில் தமிழ்ச் செய்யுள் ஒப்புவித்தலும் பேச்சும் இன்று இடம்பெறுகின்றன. சவிட்டு நாடகமும் பின்னாளில் போட்டியாகச் சேர்ந்தது. அண்ணாவிமார் சுவடிகளைச் சீடரிடம் ஒப்படைத்தமையால் அக்கலை பிழைத்தது. நம் பள்ளி நாடகங்களுக்கு அப்பேறு இல்லை. எழுதிய ஆசிரியர் மாற்றலாகிச் செல்கையில் கையெழுத்துப் படியும் உடன் போகிறது. எஞ்சியது பழைய தாளோடு எடைக்குப் போகிறது. தேட விழைவோர் முதலில் ஏறவேண்டியது பழைய மாணவர் வீட்டுப் பரண். ஒருவன் பகுதி மட்டும் எழுதிய நாற்பது பக்க நோட்டுகள் சில அங்கே இன்னும் கிடைக்கக்கூடும்.