குடிசைக்கு அடியிலிருந்த நிலம்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளை ஒட்டிய சந்துகளில் லைன் வீடுகள் வரிசையாக நிற்கும். சுவரைப் பகிர்ந்துகொள்ளும் ஓரறை வீடுகள், பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை, மாதம் பிறந்தால் வாடகை. அங்கே குடியிருப்போரில் கீழத்தஞ்சைக் கிராமங்களிலிருந்து வந்தவர்களும் உண்டு. ஊரில் அவர்களுக்கு வீடு என்று எது இருந்தது? இக்கேள்வியைத் தொடர்ந்தால் நாம் கொங்கை விட்டுக் காவிரிச் சமவெளிக்கே போக நேர்கிறது.

அங்கே பண்ணையாளின் குடிசை நின்ற மண் மிராசுதாருக்குச் சொந்தமானது. மூங்கிலும் கீற்றும் அவன் கைப்பட வேய்ந்தவை, மனை அவனுடையதன்று. கூலி உயர்த்திக் கேட்டவன் வேலையோடு குடியிருப்பையும் இழக்கக்கூடும். 1952ஆம் ஆண்டின் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வேலையிலிருந்து நீக்குவதைக் கட்டுப்படுத்தியது. 1961ஆம் ஆண்டுச் சட்டம் குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுத்தது. மனையே குடியிருப்பவனுக்குச் சொந்தம் என்று சொன்னது 1971ஆம் ஆண்டுச் சட்டம். சட்டப் புத்தகத்தில் இவை மூன்று வரிகள். ஊரில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் செங்கொடிச் சங்கங்களின் நெடிய போராட்டம் இருக்கிறது.

கடைசி இரண்டு சட்டங்களுக்கும் இடையில்தான் கீழ்வெண்மணி நிகழ்ந்தது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலித் தகராறின் உச்சத்தில், ஒரு குடிசைக்குள் புகலடைந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் தலித் பெண்களும் குழந்தைகளும். இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' வழியாக இலக்கிய வாசகர் அந்நிகழ்வை அறிவர். அந்தச் செய்தி கேட்டுத் தஞ்சைக்குச் சென்று அங்கேயே தங்கிவிட்ட இருவரைப் பற்றி இலக்கிய உலகம் குறைவாகவே பேசியிருக்கிறது.

சங்கரலிங்கம் ஜெகந்நாதன் வசதியான குடும்பத்தில் பிறந்து, கல்லூரிப் படிப்பைத் துறந்து, விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். கிருஷ்ணம்மாள் திண்டுக்கல் பக்கத்து நிலமற்ற தலித் குடும்பத்துப் பெண். டாக்டர் சௌந்தரம் அம்மையாரின் ஆதரவில் படித்தவர். சுதந்திர இந்தியாவில்தான் திருமணம் என்றிருந்து, 1950இல் மணம்புரிந்தனர். பின்னர் வினோபாவின் பூதானத்தில் ஊர் ஊராக நடந்தனர். தானமாக வந்த நிலத்தில் தரிசும் வழக்கும் மிகுதி என்பதை நடந்தவர்களைவிட நன்கறிந்தவர் யாரும் இருந்திருக்க முடியாது.

அந்த அனுபவத்தின் விளைவு என்றே 1981இல் அவர்கள் தொடங்கிய லாஃப்டி அமைப்பை நாம் கருதுகிறோம். உழுவோர் விடுதலைக்கு நிலம் என்பது அப்பெயரின் பொருள். தானம் கேட்பதை விட்டு விலை பேசுவதற்கு வந்தனர். விற்க மனமுள்ள நிலவுடைமையாளரையும் நிலமற்றவரையும் ஒரே இடத்தில் அமர்த்தி நியாயமான விலையை முடிவுசெய்வது, கடன் பெற்றுத் தருவது, கூட்டாக உழைத்து அதை அடைப்பது என்பதே முறை. பட்டா பெண்களின் பெயரில். சுமார் 13,000 ஏக்கர் ஏறக்குறைய அதே எண்ணிக்கையிலான குடும்பங்களுக்கு இவ்வாறு கைமாறியது. சராசரி ஒரு ஏக்கர்தான். பத்திரப் பதிவுக் கட்டணம் ஏழைக்கு நிலத்தின் விலை போலவே சுமையானது என்பதையும் அவர்கள் பதிவு அலுவலக வாசலில்தான் கற்றனர்.

நிலத்தையடுத்து வீடு வந்தது. மழைக்காலத்தில் டெல்டாவின் மண்சுவர் ஊறிச் சரியும். கோடையில் கீற்றுக்கு ஒரு பொறி போதும். கீழ்வெண்மணிக்குப் பின் ஓலைக்கூரை என்பது வறுமையின் அடையாளம் மட்டுமல்ல, அச்சத்தின் அடையாளமும்கூட. எனவே செங்கல் வீடு. கல் அறுப்பதிலும் கட்டுவதிலும் வீட்டுக்குரிய பெண்களே பங்கேற்றனர். சாகுபடி இல்லாத மாதங்களுக்கெனக் கொத்து வேலை, தச்சு, பாய் முடைதல், தையல் ஆகியவற்றில் பயிற்சி அளிக்கப்பட்டது. ஒப்பந்தக்காரர் கட்டித்தரும் காலனி வீட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, பழுது நேர்ந்தால் சரிசெய்யும் கை அவ்வீட்டிலேயே இருப்பதுதான்.

தலைமுறைகளாக உழைப்பைச் சுரண்டியவருக்கே விலை கொடுப்பதா என்ற கேள்வியை நாம் எளிதில் தள்ள முடியாது. ஆனால் உச்சவரம்புச் சட்டத்தைப் பினாமிப் பெயர்கள் தின்றுகொண்டிருந்த நாளில், பட்டா கையில் வந்த பெண்ணுக்கு அக்கேள்வி வேறாகத் தெரிந்திருக்கும். 1990களில் இறால் பண்ணைகள் விளைநிலத்தை உப்பாக்கியபோது தம்பதியர் மீண்டும் போராட்டத்துக்குத் திரும்பினர். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோரப் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மாற்று நோபல் என வழங்கப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது 2008இல் இருவருக்கும் கிடைத்தது. ஜெகந்நாதன் 2013இல் மறைந்தார்.

2018 நவம்பரில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது ஆயிரக்கணக்கான குடிசைகள் விழுந்தன. 2030க்குள் குடிசையில்லாத் தமிழகம் என்று 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம் ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறது. அதைப் பெற விண்ணப்பிப்பவரிடம் முதலில் கேட்கப்படுவது, மனைக்குப் பட்டா இருக்கிறதா என்பதே.