கடுக்காய்த் தண்ணீரும் கான்கிரீட் மருந்தும்

கட்டடக் கலவையின் குணத்தை மாற்ற அதில் சிறிதளவு வேறொரு பொருளைச் சேர்ப்பது நேற்று வந்த பழக்கமல்ல. நம் பக்கத்துப் பழைய கொத்தனார்கள் சுண்ணாம்பு அரைக்கையில் கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டிக் கரைசலும் சேர்த்தார்கள். செட்டிநாட்டுச் சுவர்ப் பூச்சில் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்ந்தது. அவர்களுக்குச் சோதனைச்சாலை கிடையாது. மழையும் வெயிலுமே சோதனை. முடிவு தெரிய ஒரு தலைமுறை ஆகும்.

1824-இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். சுண்ணாம்பு மெல்ல இறுகும். சிமெண்டோ சில மணி நேரத்திலேயே இறுகிவிடும். சுண்ணாம்புக்கு உதவிய சர்க்கரை, சிமெண்டில் சிறிதளவு விழுந்தாலும் இறுகுவதையே தாமதப்படுத்திவிடும். ஒன்றுக்கு மருந்து மற்றொன்றுக்கு விஷம். ஆகவே பாட்டன் கைப்பக்குவம் இங்கே போதவில்லை.

1930-களில் அமெரிக்காவில், மரக்கூழ் ஆலைக் கழிவிலிருந்து கிடைக்கும் லிக்னோசல்ஃபோனேட், கலவைக்கு வேண்டிய தண்ணீரைக் குறைக்கப் பயன்பட்டது. 1960-களில் ஜப்பானின் கெனிச்சி ஹட்டோரி நாஃப்தலீன் வகை மருந்தை உருவாக்கினார். ஜெர்மனியில் மெலமைன் வகை வந்தது. இவை சிமெண்ட் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்துவிடும். குறைந்த தண்ணீரிலேயே கலவை இளகும். மிகுதித் தண்ணீர் ஆவியாகி விட்டுச்செல்லும் நுண்துளைகள் குறைவதால் கான்கிரீட்டின் பலம் கூடும்.

இன்னொரு மருந்தின் கதை வேறு. கால்சியம் குளோரைடு கான்கிரீட்டைச் சீக்கிரம் இறுகச் செய்யும், விலையும் மலிவு. ஆனால் அதிலுள்ள குளோரைடு உள்ளிருக்கும் இரும்புக் கம்பியின் காப்புப் படலத்தை அரித்துவிடும். கம்பி துருப்பிடித்துப் பருத்ததும் கான்கிரீட் வெடிக்கும். பல்லாண்டுகள் தாராளமாய்ப் புழங்கியதைப் பிரிட்டன் 1977-இல்தான் கம்பி போட்ட கான்கிரீட்டிலிருந்து விலக்கியது.

நானும் இதற்குப் பொறுப்பாளி. 1980-களின் தொடக்கத்தில் வடக்கே எங்கள் கடையில், குளிரிலும் சீக்கிரம் இறுகும் என்று பெயரில்லா டப்பா ஒன்றை விற்றேன். உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து ஊர்க்காரர் ஒருவர் பெயர்ந்து விழுந்த கூரையைக் காட்டி, "நயினாரே, நீங்க குடுத்ததைத்தானே போட்டோம்" என்றார். என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரைக்காகப் புத்தகங்களைத் தேடத் தொடங்கியது அன்றுதான்.

நம் நாட்டில் இம்மருந்துகளுக்கான ஐ.எஸ். 9103 தரநிலை 1979-இல் வந்து 1999-இல் திருத்தப்பட்டது. அதன் உயிர்நாடி ஒப்பீடுதான். ஒரே சிமெண்ட், மணல், ஜல்லி கொண்டு இரண்டு கலவை போடுவார்கள். ஒன்றில் மருந்து உண்டு, மற்றதில் இல்லை. 30 செ.மீ. உயரக் கூம்பில் நிரப்பி, கூம்பை எடுத்ததும் கலவை எவ்வளவு சரிகிறது என்று அளப்பார்கள். ஊசியை அழுத்தி இறுகும் நேரம் காண்பார்கள். கனசதுரக் கட்டிகளை 3, 7, 28 நாளில் நசுக்கிப் பார்ப்பார்கள். 6 மாதம், ஓராண்டு வரைகூடத் தொடர்வார்கள். சூப்பர் பிளாஸ்டிசைசர் என்றால், தண்ணீர் மருந்தில்லாக் கலவையின் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மருந்தின் அடர்த்தி, திடப்பொருள், சாம்பல், அமிலத்தன்மை, குளோரைடு அளவு ஆகியவையும் தனியே சோதிக்கப்படும். கம்பியுள்ள கான்கிரீட்டில் எல்லாவற்றிலிருந்தும் சேரும் குளோரைடு கனமீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் போகலாகாது என்கிறது ஐ.எஸ். 456, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு.

எதை எப்படி அறிந்தோம் என்று கேட்பதைத் தருக்க நூலார் அளவை என்பர். இதுவும் அளவைதான். வெளியூரில் இருந்துகொண்டு பணம் அனுப்பி ஊரில் வீடு கட்டும் நம்மவர்கள் பலர். மேஸ்திரி "கெமிக்கல் போட்டா ஸ்ட்ராங்கா இருக்கும் சார்" என்றால் உடனே தலையாட்டாதீர்கள். எந்த மருந்து, ஒரு மூட்டை சிமெண்டுக்கு எவ்வளவு, சோதனைச் சான்று எங்கே, இந்தச் சிமெண்டோடு சேர்த்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அன்று என்னை ஒருவர் அப்படிக் கேட்டிருந்தால் அந்தக் கூரை நின்றிருக்கும்.